மலைமேல் வாழும் பெரியவர்கள் கூடிச் செய்ய என்னென்ன இருக்கிறது? நீலகிரி முதியோர் குடியிருப்புகளுக்கான கேள்வி பதில்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்தில் மூத்தவர்களுக்கான குடியிருப்புகளில் இருப்பவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், அங்கே வேலை பார்ப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. இப்படி ஒரு குடியிருப்பில் அன்றாட நிகழ்ச்சிகளை ஒருங்கிணைப்பது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. மாத்திரை, இதயம், மூச்சு சம்பந்தப்பட்ட எதையும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கோவையில் இருந்தபோது காலை 6 மணிக்கு நடை, மாலை 6 மணிக்குப் பஜனை என்று அட்டவணை இருந்தது. அதையே இங்கும் வைத்துக்கொள்ளக் கூடாதா?

நடையும் வைத்துக்கொள்ளலாம், பஜனையும் வைத்துக்கொள்ளலாம். நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். இந்த உயரத்தில் வெயில் ஏறி, பனி விலகி, தரை காய்வதற்கே காலை ஒன்பதரை ஆகிவிடும். பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரைதான் வெளியே செய்யவேண்டிய எல்லாவற்றுக்கும் நல்ல நேரம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து மணிக்குமேல் எல்லாம் உள்ளேதான். பஜனையை நாலரைக்கு வைத்து, சூடாகத் தேநீர் குடித்து முடித்தால் எல்லோரும் இருட்டுமுன் அறைக்குப் போய்விடலாம்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கம் வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழைதான் அதிகம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படியும். ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே அட்டவணை என்பது இந்த மலையில் ஒத்துவராது. மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று மூன்று அட்டவணை எழுதி வையுங்கள்.

அம்மா போன வாரம்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். உடனே எல்லாவற்றிலும் சேரலாமா?

முதல் சில நாள் உட்கார்ந்து செய்வதில் மட்டும் சேரட்டும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். திடமான உடம்புக்கு இது இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். நாள்பட்ட நுரையீரல் நோய், இதயத் தளர்ச்சி உள்ளவர்கள் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சமவெளியில் இரண்டு மாடி ஏறியவருக்கு இங்கே ஒரு மாடிக்கே மூச்சு வாங்கினால் பதற வேண்டாம். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு அடைப்பது, கால் வீங்குவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

இன்னொன்று, குளிரில் தாகம் தெரியாது. தண்ணீர் குடிக்க மறந்து தலைசுற்றி உட்காருபவர்கள் புதிதாக வந்தவர்களில் நிறைய. எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் தொடக்கத்தில் ஒரு தம்ளர், முடிவில் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் என்று வழக்கமாக்கிவிட்டால் தனியாக ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் அவர்களுடைய கணக்கே சரி.

நாற்பது வருடமாக விடியற்காலை நடப்பவன் நான். ஏன் வாசலைத் திறக்க மறுக்கிறீர்கள்?

அய்யா, உங்கள் காலில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் நிற்கும் காட்டெருமையை நினைத்துத்தான் தயங்குகிறோம். குன்னூர், கோத்தகிரி இரண்டு பக்கமும் அவை குடியிருப்புகளுக்குள்ளேயே மேய வருகின்றன. கரடியும் சிறுத்தையும் நடமாடுவது இருட்டு விலகாத அந்த நேரத்திலும், அந்தி சாய்ந்த பிறகும்தான். காட்டெருமை சாதுவாக நிற்பதுபோல் தெரியும். பக்கத்தில் போய்த் திடுக்கிட வைத்துவிட்டால், ஓடித் தப்பிக்கும் வயது நமக்கில்லை. பார்த்தால் சத்தம் போடாமல், முதுகைக் காட்டாமல், வந்த வழியே பின்வாங்க வேண்டும். படம் பிடிக்க நிற்கவே கூடாது.

விலங்கு மட்டும் காரணமில்லை. பனி படிந்த சிமெண்ட் பாதையும் பாசி பிடித்த படியும் கண்ணாடிபோல வழுக்கும். மலைச்சாலையில் நடைபாதை கிடையாது. வளைவில் வரும் லாரிக்காரருக்குப் பனிமூட்டத்தில் நீங்கள் தெரிய மாட்டீர்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தமும் ஏறும். படுக்கையிலிருந்து எழுந்து நேராகக் குளிரில் இறங்குவது இதய நோய் உள்ளவர்களுக்கு நல்லதல்ல.

விடியற்காலை எழும் பழக்கத்தை விட வேண்டாம். உள்ளே நீளமான வராந்தா இருந்தால் அதில் நடங்கள். எங்களிடம் அப்படி ஒரு விடியல் குழு உண்டு. வராந்தாவில் நடந்துவிட்டு, ஒன்றாக உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாக வாசித்து விவாதிக்கிறார்கள். தோட்டத்துச் சுற்றுப்பாதைக்கு ஒன்பதரைக்குமேல் வாருங்கள். இரண்டிரண்டு பேராக, பிடிமானமுள்ள ரப்பர் அடிக் காலணியோடு, வெளியே நடக்கும்போது காதை மூடும் குல்லாயோடு. வெளிச்சட்டை பளிச்சென்ற நிறத்தில் இருப்பது நல்லது. மலை உயர உயர வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடுமென்பதால், குளிராக இருக்கிறதே என்று தொப்பியைக் கழற்ற வேண்டாம்.

வாரத்துக்கு எவ்வளவு உடற்பயிற்சி போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவு வேண்டும். அதோடு வாரத்தில் மூன்று நாளாவது உடம்பின் சமநிலையையும் தசை வலுவையும் வளர்க்கும் பயிற்சிகள் வேண்டும். முடியாதவர்கள் முடிந்த அளவுக்குச் செய்யலாம் என்பதையும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மிதமான வேகம் எது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சே தடைப்பட்டால் வேகம் அதிகம்.

பெரும்பாலான குடியிருப்புகள் நடையோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு இதில்தான் உடன்பாடில்லை. மலைச்சரிவில் வாழ்பவருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான பயிற்சி சமநிலைப் பயிற்சி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 ஆய்வுத் தொகுப்பு, வீடுகளில் வாழும் 60 வயது கடந்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்கள் கீழே விழுவது ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சி அதில் முன்னே நின்றது, தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியும் பலன் தந்தது.

இதற்கு ஆசிரியர் வேண்டும் என்றில்லை. சுவரை ஒட்டிப் போட்ட கெட்டியான நாற்காலி போதும், சக்கரம் மட்டும் இருக்கக் கூடாது. கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்பது. பக்கவாட்டில் நாலடி போய் நாலடி திரும்புவது. பின்னணியில் பழைய திரைப்பாட்டு ஓடினால் இருபது நிமிடம் போவது தெரியாது. சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம். வயதானவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுவது சாதாரணம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

யோகா எல்லோருக்கும் நல்லதுதானே?

நாற்காலி யோகாவும் மென்மையான மூச்சுப் பயிற்சியும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒத்துவரும். கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாகக் குனியும் ஆசனம் செய்யக் கூடாது. எலும்புப்புரை (எலும்பு வலுவிழந்து மெலியும் நோய்) உள்ளவர்கள் முன்பக்கம் ஆழமாக வளையக் கூடாது, முதுகெலும்பு நொறுங்கலாம். மூச்சை அடக்கிப் பிடிப்பது ரத்த அழுத்தக்காரர்களுக்கு வேண்டாம். ஆசிரியர் இதையெல்லாம் வகுப்புக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்கிறாரா என்று பாருங்கள்.

மழை பிடித்தால் பத்து நாள் வெளியே தலைகாட்ட முடிவதில்லை. உள்ளே என்ன செய்வது?

தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பலகையை எடுங்கள்.

பல்லாங்குழியில் தொடங்கலாம். பதினான்கு குழி, எதிரெதிரே இருவர், சுற்றிலும் யோசனை சொல்ல நாலு பேர். குழியில் நாலு சேர்ந்தால் பசு என்று அள்ளுவதா, ஆறு சேர்ந்தால்தானா என்று தஞ்சாவூர் அம்மாவும் திருநெல்வேலி அம்மாவும் வாதம் செய்வதிலேயே பாதி நேரம் போகும். அந்த வாதத்தைத் தீர்த்துவைக்க அவசரப்படாதீர்கள், கேட்கக் கேட்க நன்றாக இருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: காய்க்குச் சோழி, புளியங்கொட்டை எதையும் வைக்கலாம், குன்றிமணி வைக்கவே கூடாது. அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. மறதி நோய் உள்ளவர்கள் வாயில் போட்டுக்கொள்ளக்கூடும் என்பதால், அவர்கள் இருக்கும் மேசையில் பெரிய சோழியே நல்லது, அதையும் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்.

ஆடுபுலி ஆட்டம் மூன்று புலி, பதினைந்து ஆடு. சாக்கட்டியால் தரையில் கட்டம் போட்டு விளையாடிய ஆட்டம்தான், இப்போது குனிய முடியாது என்பதால் தடித்த அட்டையில் வரைந்து மேசைமேல் வையுங்கள். புலி ஒரு அணி, ஆடு ஒரு அணி என்று மூன்று மூன்று பேராகப் பிரிந்தால், கூடிப் பேசித்தான் ஒவ்வொரு காயையும் நகர்த்த வேண்டும். பேசாமல் இருப்பவரையும் அந்த ஆட்டம் பேச வைத்துவிடும். தாயம் உருட்ட விரல் ஒத்துழைக்காதவர்களுக்குக் கட்டையை ஒரு தம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கலாம். ஐந்தாங்கல் ஆசைக்கு ஒரு முறை, மூட்டு வீக்கம் உள்ளவர்கள் பார்வையாளர்கள்.

வெலிங்டன் பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். அவர்கள் இருக்கும் குடியிருப்பில் ஹவுசி என்ற எண் சீட்டு விளையாட்டு இல்லாமல் வாரம் முடியாது. ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண் கூப்பிடும் வேலையைப் பணியாளரிடம் தராமல் குடியிருப்பவர் ஒருவரிடமே தாருங்கள். சீட்டைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வையுங்கள். இடவசதி இருந்தால் கேரம் பலகையோடு ஒரு ஸ்நூக்கர் மேசையும் போடலாம். அந்த ஆட்டத்தின் விதிகள் 1880-களில் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான், நின்றும் சாய்ந்தும் ஆட இதமான ஆட்டம்.

காசு வைத்து ஆடலாமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். ஒரு பொட்டலம் வர்க்கி பரிசாக இருந்தாலே சண்டை வரும் அளவுக்குப் போட்டி சூடு பிடிக்கிறது.

பாட்டு, ஆட்டம் எல்லாம் இந்த வயதில் எந்த அளவுக்கு?

தாராளமாக. பாட்டுக்குப் பாட்டு வையுங்கள், பழைய பாடல்களில் சரணம் வரை பாடுகிறவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள்தான். திருப்புகழ், தேவாரம், கிறிஸ்தவக் கீர்த்தனை, நாகூர்ப் பாட்டு எல்லாம் ஒரே கூட்டத்தில் இடம்பெறட்டும். இங்கே எல்லா மதத்தவரும் இருக்கிறார்கள், பஜனை என்ற பெயரில் சிலரை வெளியே நிறுத்திவிடக் கூடாது.

ஆட்டத்துக்கு வெளியே தேடவே வேண்டாம். நம் மலையின் படுகர் ஆட்டம் பெரியவர்களுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. வட்டமாக நின்று, இரண்டடி முன்னே, ஓரடி பின்னே, கையை வீசி மெல்லத் திரும்பும் அசைவு. குதிப்பு இல்லை, தரையில் உட்கார்ந்து எழுவது இல்லை. பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) இரண்டு பேரை அழைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், விருப்பத்தோடு வருவார்கள். நிற்க முடியாதவர்கள் வட்டத்தின் நடுவே நாற்காலியில் அமர்ந்து கையசைவை மட்டும் செய்யலாம். சுற்றும் திசையை இடையிடையே நிறுத்தி மாற்றுங்கள், ஒரே பக்கம் சுற்றினால் தலை கிறுகிறுக்கும். கம்பளம் விரித்த தரையில் வேண்டாம், கால் தட்டும். கோலாட்டம் உட்கார்ந்தபடியே அழகாக வரும். கும்மிக்குக் குனிய வேண்டியிருப்பதால் நின்று கைதட்டுவதோடு விட்டுவிடுவோம்.

கைவேலைக்கு இந்த ஊரில் என்ன விசேஷம்?

தோடர் பூத்தையல். தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், கோடு எதுவும் வரையாமல், துணியின் இழையை எண்ணி எண்ணித் தைக்கும் வேலை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு தோடர் அம்மாவை உரிய ஊதியம் கொடுத்து அழைத்து வந்து உட்கார்ந்து பார்ப்பதே ஒரு நல்ல காலைப்பொழுது. அதே நுணுக்கத்தை எண்பது வயதுக் கண்ணால் செய்வது கடினம். பெரிய துளையுள்ள துணி, தடித்த நூல், மழுங்கிய முனை ஊசி, ஜன்னலோர வெளிச்சம், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு இடைவெளி என்று வைத்துக்கொண்டால் எளிய கட்டங்கள் வந்துவிடும். கற்றுக்கொண்டதைத் தோடர் வேலை என்று சொல்லி விற்கக் கூடாது. அந்தப் பெயர் அவர்களுடைய உழைப்புக்கு உரியது.

கம்பளி பின்னல் இந்த மலையில் வீட்டுக்கு வீடு இருந்த பழக்கம். பச்சிளம் குழந்தைகளுக்குக் குல்லாயும் காலுறையும் பின்னி, பிரசவ வார்டுக்கோ அங்கன்வாடிக்கோ முன்கூட்டியே பேசிவிட்டுக் கொடுக்கலாம். யாருக்காகப் பின்னுகிறோம் என்று தெரிந்தால் ஊசி எடுக்க மறுத்தவர்கள்கூட எடுக்கிறார்கள். விரல் மூட்டு வலிக்குத் தடித்த மரக் கம்பி நல்லது. தொடங்குமுன் கையை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் விறைப்பு விடும்.

தோட்ட வேலை ஆபத்தில்லையா?

குனிவதுதான் ஆபத்து, தோட்டம் இல்லை. இடுப்பளவு உயரத்துக்கு மேடை கட்டி அதில் மண் நிரப்பிவிட்டால் நின்றோ, சக்கர நாற்காலியில் இருந்தோ வேலை செய்யலாம். முள்ளங்கி சீக்கிரம் வரும், பொறுமை இல்லாதவர்களுக்கு அது. கேரட், பீட்ரூட், நூல்கோல், பூண்டு இந்த மண்ணில் கேட்காமலே விளையும். ஜெரேனியம் கிளையை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும்.

எல்லோரும் ஆசைப்படும் ஒரு செடியை மட்டும் வைக்காதீர்கள். தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை, மஞ்சள் எக்காளப் பூ மலையெங்கும் வேலியோரம் பூத்திருக்கும். ஊமத்தை இனம், முழுச் செடியும் நஞ்சு. கையுறை போடுங்கள், முள் குத்தினால் கழுவி மருந்து போடுங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று ஒரு முறை பார்த்து வையுங்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்தை நெம்பி எடுக்கலாம். ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும், துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மண்ணைத் தொட விருப்பமில்லாதவர்கள் பறவை பார்க்கலாம். வராந்தாவில் நாற்காலி, இரண்டு பேருக்கு ஒரு தொலைநோக்கி. செம்மீசைச் சின்னானும் சிரிப்பானும் தோட்டத்துக்கே வரும். தை மாதம் பொங்கலையொட்டி நடக்கும் தமிழகப் பறவைகள் கணக்கெடுப்பில் இருந்த இடத்திலிருந்தே பதினைந்து நிமிடம் பார்த்துக் கணக்குக் கொடுக்கலாம். ஒருவர் பார்க்க, ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, பேத்தி வந்திருந்தால் அவள் கைப்பேசியில் பதிய, ஒரு காலைக்கு நாலு பேருக்கு வேலை.

வெளியே ஒரு நாள் உலா போக எந்த இடம் நல்லது?

பொம்மை ரயில். குன்னூரிலிருந்து ஊட்டி வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக. மேட்டுப்பாளையத்திலிருந்து முழுப் பயணம் 46 கிலோமீட்டர், ஏறுமுகத்தில் மணிக்கணக்காகும், முதுகுக்கு அது வேண்டாம். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த பாதை இது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. தாத்தா பாட்டிகளுக்கு இதில் சொல்ல ஆளுக்கொரு கதை இருக்கும், அதற்காகவே எதிரெதிர் இருக்கை கிடைக்குமாறு பாருங்கள். முன்பதிவு செய்துவிடுங்கள். ஏறும்முன் நிலையத்திலேயே கழிப்பறைக்குப் போய்விட வேண்டும். படி உயரம் என்பதால் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் இரண்டு பேர். குடியிருப்பு வேன் ஊட்டி நிலையத்தில் காத்திருந்தால் திரும்ப வேனில் வரலாம்.

ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848-இல் தொடங்கியது. வாயிலை ஒட்டிய கீழ்ப்பகுதிப் புல்வெளி சமமாக இருக்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே போகப் போக ஏற்றம். குன்னூர் சிம்ஸ் பூங்கா பள்ளத்தாக்கில் இறங்கும். இறங்கும்போது சுகமாக இருக்கும், ஏறி வருவது யார்? மேல்மட்டத்தில் பெஞ்சில் அமர்ந்து வருவதே அழகு. ஊட்டி ரோஜா பூங்கா அடுக்கடுக்கான படித்தளம், முட்டி நல்லவர்கள் மட்டும். கோத்தகிரி கன்னேரிமுக்கில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பழைய பங்களா இப்போது சிறிய அருங்காட்சியகமாக இருக்கிறது, கூட்டமில்லாமல் நிதானமாகப் பார்க்கலாம். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் எங்கும் போக வேண்டாம், நெரிசலில் வேனுக்குள்ளேயே பொழுது போய்விடும்.

வளைவுச் சாலையில் வாந்தி வருபவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து, காலியாகவும் இல்லாமல் நிரம்பவும் இல்லாமல் வயிற்றை வைத்துக் கிளப்புங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டிலும் பிளாஸ்கும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் மயக்கம் வரும், சர்க்கரையோ குளுக்கோஸோ ஒருவர் பையில் இருக்க வேண்டும்.

ராத்திரி கணப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடலாமா?

ராத்திரி வேண்டாம். வெளியே, திறந்த இடத்தில், மாலை ஐந்து மணிக்குள், நைலான் சால்வையைத் தள்ளி வைத்துவிட்டு, வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடலாம். ஆஸ்துமாக்காரர்கள் புகை வராத பக்கம்.

மிச்சக் கரியைச் சட்டியில் அள்ளி அறைக்குள் கொண்டுபோவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். சன்னல் சாத்திய அறையில் கனலும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிர் போகும். மலை விடுதிகளில் இப்படி உயிர்போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அறைக்குச் சூடு வேண்டுமென்றால் எண்ணெய் நிரப்பிய மின் சூடேற்றி, கனத்த திரைச்சீலை, வெந்நீர்ப் பை போதும். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கூடும் அறையில் ஒரு வெப்பமானி மாட்டி வையுங்கள். வயதானவர்களுக்குக் குளிர் தாக்கினாலும் சில சமயம் நடுக்கம் வராது. பேச்சு குழறி, சோர்ந்து உட்கார்ந்தால் அதுவே அறிகுறி.

மறதி நோய் உள்ள என் மாமியாரையும் சேர்த்துக்கொள்வீர்களா?

கட்டாயம். தனியாக உட்கார வைப்பதுதான் அவருக்குக் கெடுதல். ஆறு பேருக்கு மிகாத குழு, பகல் பொழுது, ஒரே இடம், ஒரே முகங்கள். “இது யாரு சொல்லுங்க?” என்று யாரும் பரீட்சை வைக்கக் கூடாது. பெயர் மறந்தவருக்கும் தாலாட்டு மறப்பதில்லை. வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, துண்டு மடிப்பது, பூ கட்டுவது என்று கை பழகிய வேலைகளைக் கொடுங்கள். அரைமணி போதும். மாலை ஆக ஆகச் சிலருக்குப் பதற்றம் கூடும், ஆகையால் முற்பகல்தான் நல்ல நேரம். வாயிலுக்கு வெளியே சரிவும் காடும் இருக்கும் ஊரில் அவரை ஒரு நிமிடமும் கவனிக்க ஆளில்லாமல் விடக் கூடாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தலை எண்ணும் பொறுப்பு ஒருவருக்கு இருக்கட்டும்.

காது கேட்காதவர்கள் ஒதுங்கிவிடுகிறார்களே?

வட்டமாக உட்கார வையுங்கள், பேசுபவர் முகத்தில் வெளிச்சம் படட்டும், மின்விசிறியையும் பின்னணி இசையையும் நிறுத்துங்கள். எதைச் செய்யப் போகிறோம் என்பதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். கத்திப் பேச வேண்டாம், நிறுத்தி நிதானமாகப் பேசினால் போதும்.

அப்பா எதற்கும் வர மாட்டேன் என்கிறார். அறையிலேயே இருக்கிறார். என்ன செய்ய?

இது பிள்ளைகள் போனில் அழுதுகொண்டே கேட்கும் கேள்வி.

முதலில், அவர் ஏன் வரவில்லை என்று பாருங்கள். மூத்திரம் அடக்க முடியாத கூச்சம், பல்செட் பொருந்தாமை, கேட்காத காது, விழுந்துவிடுவோமோ என்ற பயம் என்று வெளியே சொல்லாத காரணங்கள் நிறைய. கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையை அவருக்கு ஒதுக்கியதுமே வரத் தொடங்கியவர்கள் உண்டு. மனைவியை இழந்த துக்கமாக இருந்தால் அவசரப்படுத்தக் கூடாது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது, அழைத்துப் போங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், அவரை விளையாட அழைப்பதை நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். முப்பத்தைந்து வருடம் மின்வாரியத்தில் இருந்தவரிடம் “பலூன் தட்ட வாங்க” என்றால் அவர் எப்படி வருவார்? பொதுஅறை விளக்குகளின் மின்செலவைக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவரிடம் சமையலறைப் பெண்ணின் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான், வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். தேயிலை எஸ்டேட்டில் மேலாளராக இருந்தவர் ஒரு மாலை நாலு வகைத் தேநீரை ருசி பார்க்கக் கற்றுக்கொடுக்கட்டும், வந்தவர்கள் அன்றைக்கு எழுந்தே போக மாட்டார்கள். வாழ்நாள் முழுதும் பொறுப்பில் இருந்தவர்களை வேடிக்கை பார்க்கும் இருக்கையில் தள்ளிவிட்டு, ஏன் முகம் வாடுகிறது என்று கேட்பது நியாயமில்லை. நிகழ்ச்சி என்று நாம் போடுவதில் பாதியாவது அவர்கள் நமக்குத் தருவதாக இருக்க வேண்டும்.

எவ்வளவு கேட்டும், “எனக்குத் தனியா இருக்கப் பிடிக்கும்மா” என்று தெளிவாகச் சொன்னால் அதை மதியுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பொது மேசைக்கு வரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளான நாங்கள் எப்போது வந்து கலந்துகொள்ளலாம்?

ஏப்ரல், மே தவிர எப்போதும். வெளியூர் வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, கிளம்புமுன் இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சலோடு மட்டும் வராதீர்கள். பெரியவர்களுக்கு ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றி அவர்களுடைய மருத்துவரிடம் நீங்களே கேட்டு வைத்தால் எங்களுக்கும் உதவி.

நிகழ்ச்சி நடக்கும்போது யாருக்காவது முடியாமல் போனால்?

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தக் கூடாது. பேசுகிறாரா, எங்கே வலி, காலை அசைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, போர்வை போர்த்தி, 108-ஐ அழையுங்கள். மலையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதால் “பாத்துக்கலாம்” என்று தாமதிக்கவே கூடாது. தலையில் அடிபட்டவர் ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைதான். ஒவ்வொருவருக்கும் நோய், மாத்திரை, ஒவ்வாமை, பிள்ளைகளின் எண் எழுதிய ஒரு அட்டை நிகழ்ச்சி அறையிலும் வேனிலும் இருக்க வேண்டும். கவனிப்பில் குறை, புறக்கணிப்பு போன்ற விஷயங்களுக்கு மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567.

அட்டவணையை யார் போடுவது?

குடியிருப்பவர்கள்தான். மாதம் ஒரு முறை கூடி, போன மாதத்தில் எது பிடித்தது, எது அலுத்தது என்று அவர்களே சொல்லட்டும். ஆண்கள் இரண்டு பேர், பெண்கள் இரண்டு பேர், புதிதாக வந்தவர் ஒருவர் என்று குழு இருந்தால் ஒரே குரல் ஓங்காது. பணியாளர் தரப்பில் நேரம், பாதை, வானிலை, மருத்துவம் ஆகிய நாலுக்கு மட்டும் தடுக்கும் உரிமை வைத்துக்கொள்கிறோம், அதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும். அடுத்த மாதக் கூட்டம் முதல் திங்கள் காலை பத்தரைக்கு என்று இப்போதே பலகையில் எழுதிப் போடுங்கள்.